முப்பத்தேழு புள்ளி இரண்டு

மறுபடியும் கேள்விக்குறிதான். ஒரு கட்டம், இரண்டு கேள்விக்குறி, தலைக்கு மேல் இரண்டு புள்ளி வைத்த ஏதோ ஒரு நாட்டு எழுத்து, மறுபடி கட்டம். முப்பத்தேழு புள்ளி இரண்டு என்று வரவேண்டிய இடத்தில் இந்தக் குப்பை லேப்டாப் திரையில் வரிசை வரிசையாக ஓடிக்கொண்டிருக்கிறது. மணி பதினொன்று பத்து. ஒரு மணிக்கு வேன் வந்துவிடும். அதற்குள் இந்தக் குஞ்சு பொரிக்கிற இயந்திரம் என் சின்னப் பெட்டியோடு பேசிவிட்டால் நல்லாத்தாள் அக்கா தம்பி கல்யாணத்துக்குப் போவார், பேசாவிட்டால் போகமாட்டார், விஷயம் அவ்வளவுதான், இதில் யோசிக்க ஒன்றுமில்லை, ஆனால் நான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். உள்ளே ஆயிரத்து எண்ணூறு நாட்டுக்கோழி முட்டை. இன்றைக்கு இருபதாம் நாள், நாளைக்குப் பொரிப்பு. சூடு ஒரு டிகிரி ஏறினால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே வெந்துபோகும், இறங்கினால் ஓட்டை உடைக்கத் தெம்பில்லாமல் அப்படியே கிடக்கும், அதனால் ஆறு வருஷமாக அக்கா ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை, மணிக்கு ஒருமுறை வந்து இந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்துவிட்டுப் போவார். அவர் வீட்டுக்காரர் லாரியில் நாக்பூர் போயிருக்கிறார், நேராக மண்டபத்துக்கு வந்துவிடுவார். பக்கத்துத் தோட்டத்துத் தெய்வானை, போன் பண்ணினால் ஓடிவந்து வேண்டியதைச் செய்வாள், ஆனால் எப்போது ஓடிவர வேண்டும் என்று அவளுக்கு யாராவது சொல்ல வேண்டுமே, அதைச் சொல்வதற்குத்தான் நான் செய்த இந்தச் சின்னப் பெட்டி. மூன்று நொடிக்கு ஒருமுறை இயந்திரத்திடம் சூட்டையும் ஈரத்தையும் கேட்டு, அரை நிமிஷத்துக்கு ஒருமுறை கம்பியில்லாமல் வீட்டில் இருக்கிற இன்னொரு பெட்டிக்கு அனுப்பி, அங்கிருந்து அக்காவின் போனுக்கு. காற்றில் அனுப்புகிற பாதி தங்கமாக வேலை செய்கிறது. அரைச்சாண் தூரத்தில் இருக்கிற இயந்திரத்தோடு இரண்டு கம்பியில் பேசுகிற பாதிதான் படுத்துகிறது. எதிரிலேயே, என் மூக்குக்கு நேராக, இயந்திரத்தின் முகத்தில் 37.2 என்று சிவப்பாக எழுதியிருக்கிறது, கண் இருக்கிற எவரும் படிக்கலாம், என் பெட்டிக்கு மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறது கல்லுளிமங்கன்.

கொட்டகைக்குள் ஈரச் சூடு. முட்டை ஓட்டு வாசனையும், தரை கழுவின மருந்து வாசனையும், எங்கிருந்தோ மல்லிகையும். மல்லிகை அக்கா தலையில் இருந்து வருகிறது. பட்டுச்சேலை கட்டி, அதன்மேல் வீட்டுக்காரரின் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, கூடை கூடையாகக் காலி முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார். போகிறவரா போகாதவரா என்று அந்த உடுப்பைப் பார்த்தால் சொல்ல முடியாது, பாதி போகிறது, பாதி போகவில்லை. "ஏனுங் அம்மிணி, பேசுதுங்ளா?" என்றார், முகம் பார்க்காமல். "இன்னும் இல்லீங்க்கா. சித்தெ இருங்க." "இருக்கறேன் இருக்கறேன். நான் எங்கயும் ஓடிப்போகலெ." இதைச் சிரிக்காமல் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அவர் எங்காவது ஓடிப்போக வேண்டும் என்றுதானே இத்தனை பாடு. தம்பி சென்னியப்பனுக்கு நாற்பத்து நான்கு வயது. பதினேழு வருஷமாகப் பெண் தேடியிருக்கிறார்கள், ஜாதகத்தைக் கொண்டுபோன ஆட்களுக்கே பேரன் பேத்தி வந்துவிட்டது, கடைசியில் பாலக்காட்டுப் பக்கம் ஒரு தையல் டீச்சர் சம்மதித்திருக்கிறார். இன்றைக்குப் பொழுது சாய இணைச்சீர். மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள் பக்கத்தில் நின்று செய்கிற சீர் அது, இவர்கள் பக்கத்துக் கல்யாணத்தில் அவள் நிற்காமல் எதுவும் நகராது. வேறு பெண் இல்லையா என்று நான் முன்பு ஒருமுறை கேட்டுவிட்டேன், சித்தப்பா மகள் நிற்கலாமாம், முறைதானாம், ஆனால் அப்படிச் சொல்லும்போது அவர் குரல் போன போக்கை நான் கேட்டேன். பதினேழு வருஷம் ஒவ்வொரு பெண் வீட்டுக்கும் தம்பியோடு போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தவர் இவர். சித்தப்பா மகள் அல்ல.

சரி, மறுபடி முதலிலிருந்து. எழுத்து அனுப்புகிற வேகம் ஒன்பதாயிரத்து அறுநூறு. இயந்திரத்தின் வேகம் அது, என் பெட்டியின் வேகமும் அது, ஒருவர் வேகமாகச் சொல்லி மற்றவர் மெதுவாகக் கேட்டால்தான் இப்படிக் கேள்விக்குறி வரும், ஆனால் இருவரும் ஒன்பதாயிரத்து அறுநூறு, நான்கு முறை பார்த்தாயிற்று, ஐந்தாம் முறை பார்க்கிறேன், ஒன்பதாயிரத்து அறுநூறு. அனுப்புகிற கம்பியும் வாங்குகிற கம்பியும் மாறியிருக்குமோ என்று மாற்றிப் பார்த்தேன், குப்பைகூட வரவில்லை, சுத்தமான மௌனம், திரும்ப மாற்றினேன், குப்பை வந்தது, குப்பையைப் பார்த்து மகிழ்ச்சியடைகிற நிலைக்கு வந்துவிட்டேன். கம்பியே பழுதோ என்று புதுக் கம்பி போட்டேன். போர்ட்டை ஊதித் துடைத்தேன். பெட்டியின் மின்கலத்தை மாற்றினேன். எங்கள் ஊர் கணபதியில், என் பட்டறையில், சூட்டைக் கட்டுப்படுத்துகிற இதே கம்பெனிக் கன்ட்ரோலர், இதே பெட்டி, மூன்று வாரம் வாய் ஓயாமல் பேசின, 37.2, 37.3, 37.2, ராத்திரியெல்லாம் பேசி வைத்துக் காலையில் நான் போய்ப் பார்த்தால் பதினோராயிரம் வரி, ஒரு வரியில் ஒரு எழுத்து பிசகில்லை. அங்கே அப்படிக் கொஞ்சினாயே, இங்கே வந்ததும் என்ன வந்தது உனக்கு. ஊர் மாறினதும் பேச்சு நின்றுவிடுகிற மாப்பிள்ளை மாதிரி. இருக்கட்டும், திட்டினால் பேசாது. கவலைப்பட்டாலும் பேசாது. யோசி மங்கை, யோசி, மங்கையர்க்கரசி என்று முழுப்பேரையும் சொல்லிக் கூப்பிட்டால்தான் யோசிப்பாயா. அங்கே இருந்து இங்கே என்ன மாறியது? ஊர். தண்ணீர். காற்றில் ஈரம். கரண்ட்டு. கரண்ட்டு! இங்கே கரண்ட்டு ஏறி இறங்குகிறதோ? மீட்டரை எடுத்து அளந்தேன், இருநூற்று முப்பத்திரண்டு, கணபதியைவிட ஒழுங்கான கரண்ட்டு. ஈரம்? பெட்டி மூடித்தான் இருக்கிறது. வேகம்? ஒன்பதாயிரத்து அறுநூறு. இதோ, ஆறாம் முறை.

இப்போது பொங்கலூர் நினைவுக்கு வருகிறது, வரக்கூடாது என்று வைத்திருந்தேன், வந்துவிட்டது. போன வருஷம் அங்கே ஜேக்கப் அண்ணனின் காளான் கொட்டகையில் நான் வைத்த பெட்டி. இது மாதிரி வேறு இயந்திரத்தோடு பேச வேண்டிய வேலை அதற்கு இல்லை, அதன் வயிற்றுக்குள்ளேயே சூடு பார்க்கிற உணரி. அந்த உணரி ஒரு ராத்திரி செத்துப்போயிற்று. செத்தது தெரியாமல் என் பெட்டி கடைசியாகக் கேட்ட எண்ணையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது, இருபத்து நான்கு, இருபத்து நான்கு, எல்லாம் நலம், இருபத்து நான்கு. கொட்டகைக்குள் முப்பத்தெட்டு. காலையில் ஜேக்கப் அண்ணன் கதவைத் திறந்தபோது காளான் எல்லாம் பழுப்பு நீராகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. போனை எடுத்து என்னிடம் காட்டினார், திரையில் இருபத்து நான்கு. அவ்வளவுதான் செய்தார். திட்டியிருக்கலாம். அதற்குப் பிறகு ஐந்து மாதம் நான் எந்தப் பெட்டியும் செய்யவில்லை, லேத்துப் பட்டறைகளுக்கு மோட்டார் பலகை பழுது பார்த்துக்கொண்டு கிடந்தேன். பேசாத பெட்டி ஒரு தொல்லை, பொய் சொல்கிற பெட்டி பாவம். ஆகவே இந்தக் குப்பையில்கூட ஒரு நேர்மை இருக்கிறது, எனக்குப் புரியவில்லை என்று சொல்லிக்கொண்டாவது இருக்கிறதே, இருபத்து நான்கு என்று சொல்லவில்லையே. இப்போது நான் செய்கிற பெட்டி எதையும் நினைவு வைத்துக்கொள்ளாது. இயந்திரம் சொல்வது காதில் கேட்டால் சொல்லும், கேட்காவிட்டால் கேட்கவில்லை என்று சொல்லும், ஐந்து நிமிஷம் எதுவும் கேட்காவிட்டால் போன் அலறும். அதை எழுதி முடித்த அன்று பட்டறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன், பிறகு எழுந்துபோய்ப் பரோட்டா சாப்பிட்டேன்.  மணி பன்னிரண்டாகப் போகிறது.

அக்காவின் போன் அடித்தது, மாப்பிள்ளைதான், அரை மணிக்கு ஒருமுறை அடிக்கிறார். போனை ஸ்பீக்கரில் போட்டு அட்டைக் கட்டின்மேல் வைத்துவிட்டு அக்கா வேலையைப் பார்த்தார். "அக்கா, கெளம்பிட்டியா?" "வேனே இன்னும் வரலீடா." "வந்தா ஏறிருவியல்ல?" "ஒறம்பரை எல்லாம் வந்தாச்சா? பொண்ணு ஊட்டுக்காரங்களுக்குக் காப்பி குடுத்தியா? அவிய பால் கம்மியாத்தான் குடிப்பாங்களாமா." "அக்கா, நீ ஏறிருவியல்ல?" அக்கா ஒரு அட்டையை இன்னொன்றின்மேல் வைத்தார், நேராகத்தான் இருந்தது, எடுத்து மறுபடி வைத்தார். "அம்மிணி பாத்துட்டு இருக்கறாங்க. வெய்யி போன." நான் தலையைத் தூக்கவில்லை. என் தம்பி கல்யாண போட்டோ ஒன்று வீட்டில் இருக்கிறது, எல்லாரும் அட்சதை போடுகிறார்கள், எல்லார் கையும் காற்றில், நான் மட்டும் குனிந்து மடியில் இருக்கிற லேப்டாப்பைப் பார்க்கிறேன், ஏதோ ஒரு கம்பெனியின் பம்ப் நின்றுவிட்டது என்று போன் வந்திருந்தது, எந்தக் கம்பெனி என்று இப்போது நினைவில்லை. போட்டோவில் என் உச்சி வகிடு மட்டும் நன்றாக விழுந்திருக்கிறது. தம்பி அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான், வருகிறவர்களிடமெல்லாம் இது எங்கக்கா வகிடு என்று காட்டுவான். நான் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்காமல் என்ன செய்வது. அதனால்தான் சொல்கிறேன், இந்தப் பெண் போயே ஆக வேண்டும், அக்காவின் வகிடு யார் வீட்டுச் சுவரிலும் தொங்கக்கூடாது. "அக்கா, நான் வேணும்னா ராத்திரி இங்கயே இருந்து பாத்துக்கறேன்ங்க. நீங்க போயிட்டு வாங்க" என்றேன். அவர் நிமிர்ந்தார், உண்மையிலேயே கோபம். "உங்களக் காவலுக்கு உக்கார வெச்சுட்டு நான் போயி சந்தனம் பூசிக்கறதா? நல்லாருக்குதுங் கதெ. அதுமில்லாம ஒங்களுக்கு ஒயரு தெரியும், முட்டெ தெரியுமா?" தெரியாது. முட்டையை எனக்குத் தோசைக்கல்லில்தான் தெரியும். "பேசுனாப் போறேன். பேசலைன்னா எங்கொழுந்தியா நிக்கட்டும், அவளும் புள்ளெதான்" என்றவர் சித்தப்பா மகளைக் கொழுந்தியாள் ஆக்கிவிட்டதைக்கூடக் கவனிக்கவில்லை, தலையில் இருந்த மல்லிகையை ஊசியோடு எடுத்து ஆணியில் மாட்டினார்.

அந்தப் பூ ஆணியில் தொங்குவதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை, பன்னிரண்டு முப்பத்தைந்து, ஒன்பதாயிரத்து அறுநூறு, ஒன்பதாயிரத்து அறுநூறு, வேறு எதுவும் மண்டையில் ஓடவில்லை, குலசாமி பேர் மாதிரி அதையே சொல்லிக்கொண்டு இயந்திரத்தின் முதுகுப்பக்கம் குனிந்திருந்தேன். "ஒண்ணும் உங்காம கெடக்கறீங்களே, இந்தாங்க" என்று அக்கா ஓர் எவர்சில்வர் தட்டில் கச்சாயம் கொண்டுவந்தார், கல்யாணத்துக்குச் சுட்டது, வெல்லமும் ஏலக்காயும் மணக்க. என் இரண்டு கையிலும் கம்பி. வைக்க இடம் இல்லை. மர முக்காலியின்மேல் என் அலுமினியப் பெட்டி, அதன் தலையில் தட்டின் ஒரு விளிம்பை வைத்து, மறு விளிம்பை இயந்திரக் கதவின் கீல்மேல் சாய்த்துவிட்டு, "ஆறிப்போகுதுங், சாப்புடுங்" என்று திரும்பினார். நான் திரையைப் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை, கண் போயிற்று. 37.2. அடுத்த வரி 37.2. அடுத்த வரி 37.2. "அக்கா." "ஏனுங்?" "அக்கா, அசையாதீங்க." அவர் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றார். 37.1. 37.2. நான் மூச்சு விடவில்லை. பொய்யோ என்ற பயம் முதலில், பொங்கலூர் மாதிரி பழசையே சொல்கிறதோ, ஆனால் என் பெட்டிக்கு ஞாபகமே இல்லையே, நான்தானே பிடுங்கிப் போட்டேன், அது கேட்காமல் சொல்லாது. அப்படியானால் கேட்கிறது. "வந்துருச்சுங்ளா?" அக்கா காலை இறக்கி, சந்தோஷத்தில் எனக்கு ஒரு கச்சாயம் ஊட்டிவிட வேண்டும் என்று தட்டைத் தூக்கினார், கட்டம், கேள்விக்குறி, கேள்விக்குறி. "ஐயோ வைங்க, வைங்க!" வைத்தார். 37.2. நாங்கள் இருவரும் அந்தத் தட்டைப் பார்த்தோம். ஆறு கச்சாயம், நடுவில் ஒன்று கொஞ்சம் கருகியது. "சாமிக்குப் படைக்காமக் கொண்டாந்துட்டேன்" என்றார் அக்கா மெல்ல, அது நல்லதா கெட்டதா என்று அவருக்கே தெரியாத குரலில். நான் தட்டை அசைக்காமல் கச்சாயத்தை ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஒன்று, இரண்டு, ஆறு. காலித் தட்டு. 37.2. தட்டைத் தூக்கினேன், குப்பை. சுவரில் இருந்த இரும்புக் கரண்டியை எடுத்துப் பெட்டிக்கும் கீலுக்கும் பாலமாக வைத்தேன். 37.2. மரச் சீப்பை வைத்தேன். குப்பை. கரண்டி. 37.2.

மேஜை! என் இரும்பு மேஜை! கணபதிப் பட்டறையில் நான் வேலை செய்கிற மேஜை மரம் இல்லை, பிளாஸ்டிக் இல்லை, உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் எடுத்த ஒரு லேத்தின் அடிப்படுகை, நாலு ஆள் தூக்கிவந்து போட்டது, எங்கள் ஊரில் யாருக்கு மேஜை வேண்டுமென்றாலும் கைக்கு முதலில் அகப்படுவது இரும்புதான். அதன்மேல் இந்தக் கன்ட்ரோலர் இரும்புக் கூட்டோடு, அதன்மேல் என் பெட்டி அலுமினியக் கூட்டோடு, இருவரும் வெறும் இரும்பில் உட்கார்ந்து பேசினார்கள். பேசுவதற்கு அனுப்புகிற கம்பி ஒன்று, வாங்குகிற கம்பி ஒன்று, மூன்றாவதாகப் பொதுக்கம்பி ஒன்று வேண்டும், இருவருக்கும் பூஜ்யம் எது என்று ஒன்றாகச் சொல்வதற்கு. உன் பூஜ்யமும் என் பூஜ்யமும் வேறு வேறு என்றால் நீ சொல்கிற ஒன்று எனக்கு ஒன்றாகக் கேட்காது. இது டிப்ளமோ முதல் வருஷப் பாடம், நடுத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், அந்தக் கம்பியை நான் போடவே இல்லை. போடாதது எனக்குத் தெரியவும் இல்லை. மூன்று வாரமாக அந்த மேஜைதான் மூன்றாவது கம்பியாக இருந்து சம்பளமில்லாமல் என் வேலையைப் பார்த்திருக்கிறது. இங்கே மர முக்காலியில் வைத்ததும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. நான் சிரித்தேன். முதலில் மூக்கில் சிரித்து, பிறகு வாய்விட்டு, பிறகு முக்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன், அக்காவும் எதற்கென்று தெரியாமலே ஆறு கச்சாயத்தையும் மாரோடு அணைத்துக்கொண்டு சிரித்தார், பட்டிலும் நீலச் சட்டையிலும் எண்ணெய். இத்தனை வருஷம் அனுபவம் என்று விசிட்டிங் கார்டில் போட்டிருக்கிறேன்! எவ்வளவு பெரிய முட்டாள் நான், எவ்வளவு சின்னத் தப்பு, இவ்வளவு சின்னத் தப்பாக இருந்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது. பையில் பச்சைக் கம்பி ஒரு முழம் இருந்தது. ஒரு முனையைப் பெட்டிக்குள் பற்றவைத்தேன், ஈயப் புகை மல்லிகையோடு சேர்ந்து புதுவிதமாக மணத்தது, மறுமுனையில் இருந்த வளையத்தைக் கீலின் திருகாணிக்கு அடியில் கொடுத்து இறுக்கினேன். கரண்டியை எடுத்தேன். 37.2. தட்டை வைத்து எடுத்தேன். 37.2. பெட்டியைக் கையில் தூக்கிப் பிடித்தேன், 37.2, இடுப்புக் குழந்தை மாதிரி அப்படியே ஒரு சுற்று ஆட்டினேன், 37.2.

வாசலில் வேன் ஹாரன். நாலைந்து பெண்களின் குரல், ஒரு குழந்தையின் அழுகை, நாதஸ்வரப் பாட்டு. அக்காவின் போன் டிங் என்றது, எடுத்துப் பார்த்தார், முப்பத்தேழு புள்ளி இரண்டு, ஈரம் எழுபது என்று தமிழில் வந்திருந்தது. அரை நிமிஷம் கழித்து மறுபடி டிங். அவர் திரையையும் இயந்திரத்தின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டையைக் கழற்றவில்லை. "அம்மிணி, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இது பொய் சொல்லாதுங்களே?" இந்தக் கேள்விக்காகத்தான் நான் ஐந்து மாதம் பெட்டி செய்யாமல் இருந்தேன். சொல்லாது என்று உடனே சொல்லிவிட வாய் வந்தது. நிறுத்தி, பச்சைக் கம்பி, திருகாணி, உள்ளே நான் எழுதின வரிகள், எல்லாவற்றையும் மனதில் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னேன். "தெரிஞ்சதச் சொல்லும்ங்க்கா. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லும். அஞ்சு நிமிஷம் சத்தமே இல்லைன்னா உங்க போனும் தெய்வானை போனும் கத்தும். அதும் கத்தலைன்னா டவரு இல்லைன்னு அர்த்தம், அப்ப நீங்களே தெய்வானைக்கு அடிச்சிருங்க."  டவரைப் பற்றிச் சொன்னதுதான் அவரைத் தொட்டது என்று நினைக்கிறேன், அதை மறைத்திருந்தால் போயிருக்க மாட்டார். நீலச் சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டார், ஆணியிலிருந்து பூவை எடுத்தார், கண்ணாடி இல்லாததால் இயந்திரத்தின் சின்ன ஜன்னலில் பார்த்து வைத்துக்கொண்டார். "சித்தெ இருந்து மூட்டெ கட்டிட்டுப் போங்க. கச்சாயம் பூராத்தையும் தின்னோணும்" என்று சொல்லிக்கொண்டே ஓடினார், நாற்பத்தெட்டு வயதுப் பெண் பட்டுச்சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவதை நான் பார்த்தேன், வேனில் இருந்தவர்கள் குலவை போட்டார்கள்.

மூட்டை கட்டிவிட்டேன். மீட்டர், பற்றவைப்பான், கம்பி, லேப்டாப் எல்லாம் பைக்குள். மணி இரண்டு பத்து. கணபதிக்கு பஸ் இரண்டரைக்கு. போகலாம். போகத்தான் வேண்டும். ஆனால் உட்கார்ந்திருக்கிறேன், முக்காலிக்குப் பக்கத்தில் தரையில், தோளில் யாருடைய வீட்டுக்காரரின் சட்டையோ கிடக்க, நாலாவது கச்சாயத்தோடு, எதற்காக என்றால், திருகாணி கழன்றால்? ஏன் கழல வேண்டும், இறுக்கித்தானே இருக்கிறேன். ஒருவேளை எலி? எலிக்குப் பச்சைக் கம்பி மேல் என்ன. இன்னும் அரை மணி பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போனால் என்ன என்று யோசிக்கிறேன், அப்படியே ராத்திரியும் இருந்துவிடலாம் என்று யோசிக்கிறேன், இருந்தால் பெட்டி எதற்கு என்றும் யோசிக்கிறேன். அப்போது கேட்டது. கீச். இயந்திரத்தின் வயிற்றுக்குள்ளிருந்து, மெல்லிசாக, ஒற்றையாக. நாளைக்கு வரவேண்டிய ஆள். அவசரக் குடுக்கை. ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன், உள்ளே ஆவி படிந்து வெள்ளையாக இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. மறுபடி கீச், இன்னோர் இடத்திலிருந்து பதில் மாதிரி ஒரு கீச். மண்டபத்துக்குப் போய்ச்சேர இன்னும் நேரம் இருக்கும், அக்கா இதைப் பார்க்கவில்லை, ஆறு வருஷமாகப் பார்த்தவர் இன்றைக்குப் பார்க்கவில்லை, நான் பார்த்ததே இல்லை, நாற்பத்தோரு வயதில் ஒரு முட்டைக்குள்ளிருந்து ஒருவர் வெளியே வருவதை நான் பார்த்ததே இல்லை. கைப்பிடியைத் தொட்டேன். ஒரு விரல் அளவுதான் திறந்தேன். சூடு முகத்தில் அடித்தது, மூக்குக்கண்ணாடி ஆவியில் மூடிக்கொண்டது, கழற்றிவிட்டுப் பார்த்தேன், மூன்றாம் அடுக்கில் ஓர் ஓட்டில் நட்சத்திரம் மாதிரி விரிசல், அதற்குள் ஏதோ ஈரமாக அசைந்து, நின்று, களைத்து, மறுபடி அசைந்தது, நான் வாயைத் திறந்துகொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ. போன் அடித்தது.

"அம்மிணி!" நல்லாத்தாள் அக்கா. பின்னால் வேன் இரைச்சல், பாட்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம். "கதவத் தொறந்தீங்ளா?" என் கை இன்னும் கைப்பிடியில். "முப்பத்தேழு ரெண்டு இருந்தது முப்பத்தாறு அஞ்சுன்னு காட்டுது. ஈரமும் பத்து கொறைஞ்சு போச்சு. கடசி நாள்ல யாராச்சு கதவத் தொறப்பாங்ளா? ஒயரு தெரிஞ்சா போதுமா? சாத்துங் மொதல்ல!" சாத்தினேன், அறைந்து சாத்தினேன். "சாத்திட்டேன்ங்க்கா." "நெசமாவா?" "நெசமாங்க்கா." "இருங், பாக்கறேன்." அவர் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் இங்கே சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இடையில் இருபது மைல் காற்று, இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். 36.6. பக்கத்தில் யாரோ பெண், "யாருடீ அது, இன்னும் கோழிப் பஞ்சாயத்தா?" என்று கேட்க, "பொட்டாட்ட இரு" என்று அக்கா அதட்டுவது கேட்டது. 36.8. 37.0. "ம். ஏறுது" என்றார் அக்கா. "நீங்க எதுக்கு இன்னும் அங்க உக்காந்துருக்கறீங்க? நாந்தான் பாத்துட்டு இருக்கறனே. எந்திரிச்சு ஊட்டுக்குப் போங்க." "சரிங்க்கா" என்றேன், சின்னப் பிள்ளை போல. என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக யாரிடமும் நான் திட்டு வாங்கியதில்லை.